வில்லில் ஒரு கணக்கு வாத்தியார்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். செப்டம்பர் 5 விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை வைத்து அவருக்காக வில்லுப்பாட்டு போட ஆசை. ‘ஏணியாய், தோணியாய், மெழுகுவர்த்தியாய்’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். எந்த சினிமா மெட்டு பொருந்தும்? கரோக்கி வைக்கலாமா? கோயில் கொடை விழாவில் பாடுவதைப் பள்ளியில் பாடலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் முகம் சுளிக்கிறார்.

தமிழாசிரியை, தென்காசி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

சக ஆசிரியரை விடுங்கள். என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையையே வில்லில் பாடியாயிற்று.

உங்கள் ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். ஏணி, தோணி, மெழுகுவர்த்தி எல்லாம் எந்த ஊர் வாத்தியாருக்கும் பொருந்தும். முப்பது வருஷம் கணக்குப் போட்டவர் அதைக் கேட்டுவிட்டு, சால்வையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். தமிழ் சொல்லிக்கொடுக்கிற நீங்களே இப்படி எழுதினால் எப்படி?

வில்லுப்பாட்டில் காப்பு (கடவுள் வணக்கம்), வருபொருள் உரைத்தல் (சொல்லப்போகும் கதை இன்னதென்று சொல்வது), குருவடி பாடுதல் (குருவை வணங்கிப் பாடுவது), அவையடக்கம் (கூட்டத்துக்குப் பணிவு சொல்வது), அப்புறம் கதை, கடைசியில் வாழி என்று ஒரு வரிசை உண்டு. குருவடியை இப்போது பலரும் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அதுதான் கதையே. காப்பும் அவையடக்கமும் சேர்ந்து இரண்டு நிமிடம் போதும். குருவடியைப் பதினைந்து நிமிடத்துக்கு விரியுங்கள்.

சரக்குக்கு எங்கே போவது? பழைய மாணவர்கள் பத்துப் பேரைப் பிடியுங்கள். “சார் எப்படிப்பட்டவர்?” என்று மட்டும் கேட்காதீர்கள், “ரொம்ப நல்லவர்” என்று முடித்துவிடுவார்கள். “அவர் வகுப்பில் ஒருநாள் நடந்ததைச் சொல்” என்று கேளுங்கள். போர்டில் என்ன கணக்கு, யார் தப்பாகப் போட்டது, சார் என்ன சொன்னார், கையில் என்ன இருந்தது, எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பத்தில் மூன்று தேறும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம். தப்புப் போட்ட பையன் பெயரை மேடையில் சொல்லாதீர்கள். சாரின் நடை, இருமலை மிமிக்ரி பண்ணவும் விடாதீர்கள். கூட்டம் சிரிக்கும், அவர் கூசிப்போவார்.

கிடைத்ததை இப்படி வில்லில் ஏற்றலாம்:

சிவப்பு மையால் தப்பென்று அடிக்கவே மாட்டாராம்
ஆமா, அடிக்கவே மாட்டாராம்!
பென்சிலால் வட்டம் போட்டு நீயே பாரு என்பாராம்
ஆமா, நீயே பாரு என்பாராம்!

அந்த ‘ஆமா’வில்தான் உயிர் இருக்கிறது. பள்ளி வில்லுப்பாட்டு பெரும்பாலும் படுத்துவிடுவது அங்கேதான். நன்றாகப் பாடும் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, மிச்சம் விழுந்தவர்களைப் பின்பாட்டுக்கு வைப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள். வாயாடிப் பிள்ளை ஒன்று இருக்குமே, அதைப் பின்பாட்டுக்கு இடப்பக்கம் உட்காரவையுங்கள். அது வெறுமனே ஆமா போடக் கூடாது, நடுவில் மறிக்க வேண்டும். “ஏண்ணே, வட்டம் போட்டா மட்டும் தப்பு சரியாயிருமா?” என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் பாடுகிற பிள்ளை பதில் சொல்லும்போதுதான் சார் ஏன் அப்படிச் செய்தார் என்று கூட்டத்துக்குப் புரியும், சாருக்கும் தான் செய்தது யாரோ கவனித்த காரியம் என்று தெரியும். ஒத்திகையில் பாதி நேரத்தை இந்தக் கேள்வி பதிலுக்கே கொடுங்கள்.

ஐவரில் ஒருவர் வில்லில் அடிக்கும் வீசுகோல் பிடித்துப் பாட, ஒருவர் பின்பாட்டு, மற்ற மூவருக்கு உடுக்கை, குடம், ஜால்ரா. மைக் இரண்டு போதும்: பாடுகிறவருக்கு ஒன்று, மறிக்கிறவருக்கு ஒன்று. குடத்துக்கு முன் மைக் வைத்தால் சொல் ஒன்றும் கேட்காது. குடத்தடியில் பிரிமணை (பானை உருளாமல் அடியில் வைக்கும் வளையம்) வையுங்கள், இல்லையென்றால் சிமெண்டுத் தரையில் அடிக்க அடிக்க நகரும், கட்டியிருக்கிற வில்லும் சாயும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓய்வு பெறும் வருஷம் வரை ஏன் காத்திருந்தீர்கள்? போன வருஷம் சேர்ந்த அறிவியல் டீச்சருக்கு அடுத்த செப்டம்பரில் ஐந்து நிமிடம் பாடுங்கள். அவர் இன்னும் எத்தனை வருஷம் அந்தப் போர்டு முன்னால் நிற்க வேண்டும்!

மெட்டு கேட்டிருந்தீர்கள் இல்லையா? பிள்ளைகள் வாயில் எது தானாக வருகிறதோ அது. கரோக்கி வேண்டாம், வாயாடி மறித்தால் அது நிற்காது.