நெருக்கடியில் பிரதமர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? நிபுணர்கள் சொல்வதைக் கேட்பார்களா?

கேட்பார்கள். ஆனால் எந்த நிபுணரை என்பது அவர்கள் இஷ்டம்.

1998இல் மலேசியாவில், குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தேன். முந்தைய ஆண்டு தாய்லாந்தில் தொடங்கிய சரிவு நம் வெள்ளியையும் (ரிங்கிட் நாணயம்) இழுத்துப் போட்டிருந்தது. டாலருக்கு இரண்டரை வெள்ளி என்று இருந்தது, அந்த ஜனவரியில் 4.80ஐயும் தாண்டியது. நிதியமைச்சர் அன்வார் முதலில் கொடுத்தது வழக்கமான மருந்து: அரசாங்கச் செலவில் 18 விழுக்காடு வெட்டு, வட்டி உயர்வு. நோய் தீரவில்லை.

அப்போதைய பிரதமர் மகாதீர் டாக்டருக்குப் படித்தவர். நாணயச் சந்தை அவருக்குப் புதிது. மத்திய வங்கியில் நாணய வணிகம் பார்த்த நோர் முகமட் யாக்கோப்பைக் கூப்பிட்டுப் பாடம் கேட்டார். எழுபது வயதைத் தாண்டிய பிரதமர் மாணவனாக உட்கார்ந்தாரே, அது எனக்குப் பிடிக்கும். அப்புறம் நடந்தது அவ்வளவாகப் பிடிக்காது. மத்திய வங்கி ஆளுநரும் துணை ஆளுநரும் ஆகஸ்டு கடைசியில் விலகினார்கள். செப்டம்பர் 1இல் நாணயக் கட்டுப்பாடு, மறுநாள் டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தம், அன்றைக்கே அன்வார் பதவி நீக்கம். இதில் பொருளாதாரம் எது, அரசியல் எது என்று யார் பிரிப்பது?

இந்தக் கட்டுப்பாட்டை அறிவிக்கும் வரை ரகசியமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் நம் வெள்ளிக்கு அதிக வட்டி கிடைத்ததால் பணம் அங்கே குவிந்திருந்தது. முன்கூட்டியே கசிந்திருந்தால் எல்லாரும் விற்றுவிட்டு ஓடியிருப்பார்கள். அறிவித்த பிறகுதான், வெளியே உள்ள வெள்ளி திரும்பி வர ஒரு மாதத் தவணை. அக்டோபர் 1க்குப் பிறகு அங்கே அது வெறும் காகிதம்.

எங்கள் தோட்டத்துக்கு இது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. வெளிக்காட்டு வேலை செய்த ஓர் அம்மா, சேமிப்பு வைத்திருந்த மைலோ டின்னோடு ஆபீஸ் வாசலில் நின்றார்.

"கிராணி ஐயா, ஒன்னாந்தேதிக்கு மேல வெள்ளி செல்லாதாமே?"

"நாட்டுக்கு வெளியே இருக்கிறதுதாம்மா செல்லாது. உங்க டின்னுக்கு ஒன்னும் ஆகாது."

"அப்போ என் மகன் சிங்கப்பூர்ல மாத்தி வெச்சிருக்கிறது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. சீக்கிரம் கொண்டு வரச் சொல்லுங்கள் என்றேன்.

அந்த 3.80 கணக்கு 2005 ஜூலை வரை நீடித்தது. பன்னாட்டு நாணய நிதியத்திடம் (IMF) கடன் வாங்கிய தென் கொரியாவும் மீண்டதால், மகாதீர் செய்தது சரியா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. அந்த அம்மாவின் மகன் செப்டம்பர் கடைசி ஞாயிறு பஸ் ஏறி வந்தான். அவன் கொண்டு வந்த வெள்ளியும் மைலோ டின்னுக்குள்தான் போனது.