மகன் டாக்டருக்குப் படிக்கமாட்டேன் என்கிறானா?

சிங்கப்பூரில் ஜேசி (ஜூனியர் கல்லூரி) இரண்டாம் ஆண்டு. நல்ல மார்க். "மருத்துவம் வேண்டாம், தாத்தாவுக்கு வந்த பார்க்கின்சன் ஏன் வருகிறது என்று ஆராயப் போகிறேன்" என்று மகன் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. ஆனால் அவன் கேட்பது வெட்டிக் கேள்வி இல்லை, அம்மா.

கைகால் நடுங்கி, அசைவு மெதுவாகிப்போகும் நோய்தான் பார்க்கின்சன். அது வந்தவர்களின் மூளைச் செல்களில் ஆல்ஃபா-சைனூக்ளீன் என்ற புரதம் தப்பாக மடிந்து கட்டிகட்டியாகச் சேர்கிறது. அதற்கான மரபணுவில் உள்ள பிழை சில குடும்பங்களில் நோயை உண்டாக்குகிறது என்று 1997இல் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரே மரபணுவைக் கைகாட்ட முடிவதில்லை. எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் ஆசியர்களிடம் தென்படும் சில மாற்றங்கள் ஆபத்தைக் கூட்டுகின்றன. அவற்றை ஆராய்ந்ததில் சிங்கப்பூருக்கும் நல்ல பங்குண்டு. 1999 முதல் தேசிய நரம்பியல் கழகம் இருக்கிறது, 2003 முதல் புவன விஸ்தா பக்கம் பயோபோலிஸ் என்ற உயிர்மருத்துவ ஆராய்ச்சி வளாகம் இருக்கிறது. ஊரைவிட்டுப் போய்த்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

தாத்தா மீதுள்ள பாசம் அவனை லேப் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே உட்கார வைக்க வேறொன்று வேண்டும். வெஸ்டர்ன் பிளாட் என்று ஒரு சோதனை: செல்லிலிருந்து புரதத்தை எடுத்து, ஜெல்லில் ஓடவிட்டு, மெல்லிய தாளுக்கு மாற்றி, தேடும் புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ராமுழுக்க ஊறவைத்து, மறுநாள் படமெடுத்துப் பார்த்தால் பல நேரம் ஒன்றுமே இருக்காது. என்னிடம் வந்த ஒரு பெண் இரண்டு மாதம் இப்படியே, புரதம் இருந்தால் தெரிய வேண்டிய ஒரு கறுப்புப் பட்டையைத் தேடினாள். கடைசியில் பார்த்தால், ஆன்டிபாடியை யாரோ ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே மூன்றாவது மாதம் போனாள். அந்தக் குணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

காலக் கணக்கும் போட்டுவிடுவோம். என்எஸ் (கட்டாயத் தேசிய சேவை) 2 ஆண்டு, பட்டப்படிப்பு 4, பிஎச்டி பொதுவாக 4. வயது 28 தாண்டிவிடும், அப்போதும் நிரந்தர வேலை கைக்கு வந்திருக்காது. டாக்டர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் மிஞ்சும். பிஎச்டிக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும், உங்கள் சேமிப்பைத் தொட வேண்டாம். ஸ்காலர்ஷிப்போடு பாண்ட் (படித்து முடித்தபின் இத்தனை ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம்) வந்தால் மட்டும், பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மருத்துவக் கதவும் அடைபட்டுவிடாது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி பட்டதாரிகளைத்தான் சேர்க்கிறது. அங்கே நான்கு ஆண்டுப் படிப்பில் ஓராண்டு ஆராய்ச்சிக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். உயிரியலோடு கொஞ்சம் புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் கற்றுக்கொண்டால் எந்தப் பக்கம் போனாலும் வீண்போகாது.

ஏ லெவல் முடிந்து என்எஸ் கூப்பிடும்வரை கொஞ்ச நாள் கிடைக்கும். ஒரு லேபில் சும்மா வந்து உதவட்டுமா என்று கேட்டு மெயில் போடச் சொல்லுங்கள். அவனே எழுதட்டும். அம்மா எழுதிக் கொடுத்த மெயில் எது என்று பேராசிரியர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.