தாரின் பின்னிருக்கையில் யார் அமரப் போகிறார்கள்?

கேள்வி: 2014ஆம் ஆண்டு வாங்கிய பழைய மகிந்திரா தார் எங்களிடம் உள்ளது. தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மண் பாதையில் அது இன்றும் சளைக்காமல் ஏறுகிறது. நான், மனைவி, இரண்டு பள்ளிப் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள 70 வயதுத் தந்தை என வீட்டில் ஐந்து பேர். பக்கவாட்டில் பார்த்திருக்கும் பின்பெஞ்சுகளைப் பட்டறையில் முன்னோக்கி மாற்றிக்கொள்ளலாமா? அல்லது புதிய மூன்று கதவுத் தார், ஐந்து கதவுத் தார் ராக்ஸ் ஆகியவற்றில் ஒன்றை வாங்கலாமா?
(கோத்தகிரி வாசகர்)

பதில்: பெஞ்சுகளை மாற்றும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரும். அதைவிட முக்கியமாக, தகரத் தளத்தில் துளையிட்டு முடுக்கிய போல்ட்டும் சீட்பெல்ட்டும் மோதலின்போது பிள்ளைகளைத் தாங்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

உங்கள் பழைய வண்டியில் ஏர்பேக் இல்லை, பிரேக் பிடிக்கையில் சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. பின்னால் லீஃப் ஸ்பிரிங் எனும் பட்டை வில், பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பெஞ்சு. 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த புதிய மூன்று கதவுத் தார், வில்லிஸ் ஜீப் காலத்து வட்ட விளக்கையும் புடைத்த மட்கார்டையும் வைத்துக்கொண்டு, அடியில் இருந்த அனைத்தையும் மாற்றியது. பின்பக்கம் காயில் ஸ்பிரிங் எனும் சுருள் வில் வந்தது, இருக்கைகள் முன்னோக்கித் திரும்பின, குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. உருவத்தைக் காத்து உள்ளிருப்பவரையும் காத்த இந்த மாற்றத்தை நான் முழு மனதுடன் வரவேற்கிறேன். (தொடக்கத்தில் ஒரு மலிவு ரகத்தில் பக்கவாட்டு இருக்கை இருந்து, பின்னர் நிறுத்தப்பட்டது, பழைய வண்டிச் சந்தையில் அது கண்ணில் பட்டால் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.)

ஆயினும் மூன்று கதவுத் தார் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அதில் நால்வர்தான் அமரலாம். பின்னால் செல்ல வேண்டுமானால் முன்னிருக்கையை மடக்கி, உயரமான தளத்தில் ஒரு காலை ஊன்றி, உடலை வளைத்து நுழைய வேண்டும். முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு அது தினசரித் தண்டனை.

ஆகவே ராக்ஸ்தான். 2024 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான அதற்குப் பின்கதவுகள் உள்ளன, ஐவர் அமரலாம், இந்தியாவின் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றுள்ளது. நான்கு சக்கர இயக்கம் டீசலில் மட்டுமே கிடைப்பதால், பெட்ரோல் விலைப்பட்டியலைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். மூன்று கதவுத் தாரோடு ஒப்பிட்டால் நீளம் 3,985 மில்லிமீட்டரிலிருந்து 4,428 ஆகவும், சக்கர இடைவெளி 2,450இலிருந்து 2,850 ஆகவும் கூடியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்பிய இடத்தில் ஒருமுறை பின்னெடுக்க நேரிடலாம், மேடான பாறையில் வண்டியின் வயிறு உரசலாம். மூன்று கதவுத் தாரின் 1.5 லிட்டர் டீசல் ரகத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், ராக்ஸுக்கு 40 சதவீதம் என்று கடையில் சொல்வார்கள். அது உண்மையே; ஆனால் அந்த ரகத்தில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும், மழையில் குழைந்த தோட்டப் பாதைக்கு அது உதவாது.

வாங்கியபின் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த வண்டியில் நான்கு சக்கர லீவரைப் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் பிணைக்கப்படும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்குவதால் சிக்கலில்லை. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால், காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமின்றி ஸ்டியரிங் இறுகும், பற்சக்கரங்கள் முறுக்கேறும். தோட்ட வாசலைத் தாண்டித் தார்ச்சாலை ஏறியதும் லீவரை விடுவித்துவிடுங்கள்.

சோதனை ஓட்டத்துக்குத் தந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் கை கொடுக்காமல் அவரே பின்கதவு வழியாக இரண்டு முறை ஏறி இறங்கட்டும். பிறகு உங்கள் பாதையின் மிகக் குறுகிய வளைவு வரை வண்டியை ஓட்டிப் பார்த்தபின் முன்பணம் கொடுங்கள்.