நனைந்த சுவரும் நெருங்கும் தேர்வும்: கேள்வி பதில்

வாடகை வீட்டுத் தகராறுகளில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிக்கும் வேலையை 14 ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அதற்கு முன், கணக்காய்வுத் தொழிலின் இறுதித் தேர்வுக்கு ஓர் ஒழுகும் அறையில் உட்கார்ந்து படித்தவன். ஆகவே, பழுதும் தேர்வும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் மனிதர் எப்படித் திண்டாடுவார் என்பதை அறிவேன். வாடகைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், சட்டம் தொடர்பான பதில்களை உங்கள் ஊர் வழக்கறிஞரிடமோ வாடகைதாரர் உதவி மையத்திடமோ சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, தேர்வுக்கு இன்னும் 9 வாரங்கள் உள்ளன. படிக்கும் அறையின் கூரை ஒழுகுகிறது. "பார்க்கிறேன்" என்று உரிமையாளர் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் ஓடிவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் மனத்துக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். எதை முதலில் கவனிப்பது?

பதில்: முதலில் கடிதம், பிறகு புத்தகம். கடிதத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அதை எழுதாமல் நீங்கள் இழந்துகொண்டிருப்பது ஒரு மாதப் படிப்பு.

பழுது தின்பது நேரத்தை அல்ல, கவனத்தை. முடியாத வேலை ஒன்று மனத்தில் கிடந்தால், கையில் உள்ள வேலையில் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அரைகுறையாக நின்ற வேலை வாசிப்பில் குறுக்கிட்டது. ஆனால் அதை எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டமாக வகுத்துக்கொண்டவர்களுக்கு, வேலை இன்னும் முடியாதபோதும் அந்தக் குறுக்கீடு நீங்கியது. தேதியிட்ட ஒரு கடிதம் உங்களுக்குச் செய்வது இதுதான். அது பிற்பாடு சான்றாகவும் நிற்கும்.

பழுது எங்கே, எப்போது முதல், எந்தெந்த நாளில் வாய்மொழியாகச் சொன்னீர்கள், என்ன செய்ய வேண்டுகிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், பழுது பார்ப்பவரை எந்த நாள்களில் வீட்டுக்குள் விட முடியும் ஆகிய இவை மட்டும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். கோபம் வேண்டாம், தேர்வைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அதன்பின் இந்த விவகாரத்துக்கென்று நாளுக்கு அரை மணி நேரம், அதுவும் படிப்பு முடிந்த மாலைப் பொழுதில் ஒதுக்குங்கள். உரிமையாளர் காலையில் தொலைபேசியில் அழைத்தால், "மாலையில் பேசுகிறேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. பேசிய பிறகு, பேசியதன் சுருக்கத்தை அன்றிரவே அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி முடிக்காதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன்.

என் அறையில் மேசைக்கு நேர் மேலே சொட்டியது. வாளியில் நீர் விழும் ஓசை ஏழு நொடிக்கு ஒருமுறை வந்ததால், வரிச்சட்டப் பாடத்தில் ஒரு பத்தியைக் கூட முழுதாகப் படிக்க முடியவில்லை. பிறகு ஒருவர் சொல்லித் தந்தபடி, சொட்டும் இடத்திலிருந்து வாளியின் அடிவரை ஒரு பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். நீர் நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமின்றி இறங்கியது. மேசையையும் அன்றே நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்த ஒரு வாரம் ஆயிற்று.

கேள்வி: சுவரில் ஈரத்திட்டு பரவுகிறது. "நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை, அதனால்தான்" என்கிறார் உரிமையாளர். யார் தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல கேள்வி. பாதித் தகராறுகள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால்தான் இழுபடுகின்றன.

ஒரு பென்சிலை எடுத்து, திட்டின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மூன்று நாள்களுக்கு ஒருமுறை புதிய ஓரத்துக்குப் புதிய கோடு போட்டு, ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். இரண்டு வாரத்தில் அந்தச் சுவரே சாட்சி சொல்லும். மழைக்குப் பின் மட்டும் வளர்ந்தால் கூரையிலோ வெளிச்சுவரிலோ விரிசல் இருக்கலாம்; மேல் வீட்டார் குளிக்கும் நேரத்தை ஒட்டி வளர்ந்தால் கழிவுநீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம்; இரவு பகல் இன்றி ஒரே சீராக வளர்ந்தால் அழுத்தத்தோடு நீர் ஓடும் குழாய் கசிகிறது என்று கொள்ளலாம். தண்ணீர் மீட்டர் உள்ள வீடாயின், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து மேலேறும் ஈரம் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தோடு நின்று, வெள்ளையாக உப்புப் பூத்துக் காட்டும்.

ஜன்னல் வாதத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. திட்டு உள்ள இடத்தைத் துடைத்து உலர்த்தி, அதன்மீது அலுமினியத் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள்கள் விட்டுவிடுங்கள். அறைப் பக்கம் நீர் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. உரிமையாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இது ஆய்வகச் சோதனை அல்ல. ஆனால் பேச்சைத் தொடங்கிவைக்க இதைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை.

கேள்வி: பூஞ்சணத்தின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் தேர்வு முடியும்வரை தாங்குமா?

பதில்: தாங்காது, சான்றும் அழிந்துவிடும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், ஆகவே மூலக் கசிவை அடைக்காமல் செய்யும் எதுவும் வீண். முதலில் படம் எடுங்கள். திட்டு சிறிதாக இருந்தால் சோப்பு நீரால் துடைத்து உலர்த்துங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் தொழில்முறை ஆள்களிடம் விடுவதே நல்லது. பிளீச்சிங் திரவத்தை அமிலக் கழிப்பறைத் திரவத்தோடோ அம்மோனியா கலந்ததோடோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு எழும்.

கேள்வி: உரிமையாளர் பழுது பார்க்கும்வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: உங்கள் ஊர்ச் சட்டம் தெளிவாக அனுமதிக்கிறது என்று வழக்கறிஞர் எழுத்தில் சொன்னால் ஒழிய, கூடாது.

கேள்வி: மேலே உள்ள பதிலை ஏற்க முடியவில்லை, ஐயா. நான் இரண்டு மாத வாடகையை நிறுத்தினேன். மூன்றாம் வாரமே பிளம்பர் வந்தார். கடிதம் எழுதி எழுதி நான் கண்டது ஒன்றுமில்லை. வீடு வாழத் தகுந்ததாக இல்லாதபோது முழு வாடகை கேட்பதுதானே அநியாயம்? ஏன் எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

அறத்தில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. பழைய ஆங்கிலேய வழிச் சட்டத்தில் வாடகை தருவது ஒரு கடமை, பழுது பார்ப்பது வேறு கடமை. ஒன்று தவறினால் மற்றொன்று நிற்காது. 1970இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜாவின்ஸ் வழக்கில், வீட்டை வாழத் தகுந்த நிலையில் வைத்திருப்பது வாடகை ஒப்பந்தத்தில் அடங்கியது என்று தீர்ப்பளித்து, இரண்டையும் பிணைத்தது. மாநிலங்கள் பின்பற்றுவதற்காக இந்திய அரசு 2021இல் வகுத்த மாதிரி வாடகைச் சட்டமோ, உரிமையாளர் தம் பங்குப் பழுதைப் பார்க்க மறுத்தால் வாடகைதாரரே செய்து செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் எந்த மாதமும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. இங்கிலாந்தில் கட்டடத்தின் அமைப்பும் நீர், மின் இணைப்புகளும் உரிமையாளர் பொறுப்பு என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் வாடகைதாரர் வாடகையை நிறுத்திவிடலாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. செய்த செலவைக் கழிப்பது வேறு, வாடகையையே நிறுத்துவது வேறு என்பதைக் கவனியுங்கள்.

இப்போது தேர்வருக்கே உரிய ஒன்று. வாடகை பாக்கி என்று உரிமையாளர் வழக்குப் போட்டால், அதுவரை பழுதைப் பற்றி இருந்த தகராறு உங்கள் பாக்கியைப் பற்றியதாகிவிடும். பதில் மனுத் தாக்கல் செய்ய நீதிமன்றம் தரும் தேதி உங்கள் தேர்வு அட்டவணையைக் கேட்டு வராது. மேலும் சில தொழில்களில், குறிப்பாகச் சட்டத்துறையில், உரிமம் தருமுன் உங்கள்மீது வழக்குகள் உண்டா, தீராத கடன்கள் உண்டா என்று கேட்கும் நாடுகள் உள்ளன. இரண்டு மாத வாடகைக்காக, மூன்றாண்டு உழைத்துத் தேடும் உரிமத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொள்வதை என்னால் ஒப்ப முடியாது.

கேள்வி: அப்படியானால் உரிமையாளர்கள் எங்களை மிதித்துக்கொண்டே இருக்கலாமா? முந்தைய கேள்வியாளர் சொன்னதே சரி. கடிதத்துக்கு யார் மதிப்புத் தருகிறார்கள்?

பதில்: உரிமையாளர் தராவிட்டாலும், பிறகு அதைப் படிக்கப்போகிற நடுவர் தருவார், கடிதம் அவருக்காகவும்தான். நீங்கள் கொதிப்பது எனக்குப் புரிகிறது. உள்ளாட்சியின் சுகாதார அல்லது கட்டட ஆய்வாளர், வாடகைத் தீர்ப்பாயம், சமரச மையம் என்று வழிகள் இருக்கின்றன, எல்லா இடத்திலும் முதலில் கேட்பது "எழுத்தில் எப்போது தெரிவித்தீர்கள்?" என்பதுதான். நீதிமன்றத்தில் வாடகையைச் செலுத்தி வைக்கும் ஏற்பாடு உள்ள இடங்களும் உண்டு. அது நிறுத்துவது ஆகாது.

கேள்வி: நான் ஒரு வீட்டு உரிமையாளர். பழுது பார்க்க மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டேன். தேர்வு இருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள் என்று குடியிருப்பவர் கதவைத் திறப்பதில்லை. இதையும் கொஞ்சம் பேசுங்கள்.

பதில்: பேசத்தான் வேண்டும். தேர்வர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். உரிய முன்னறிவிப்போடு வந்த ஆளை உள்ளே விட மறுத்தால் உங்கள் புகாரின் கால் அங்கேயே ஒடிந்துவிடும். அதன்பின் ஏற்படும் சேதத்துக்கு உங்களையே பொறுப்பாக்கவும் வழி உண்டு. ஐயா, உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த இரண்டு வாரங்களில் மூன்று நாள்களை எழுத்தில் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், வேலை எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதையும் குறிப்பிடுங்கள். என் அனுபவத்தில் தேர்வரை மிரட்டுவது சுத்தியல் சத்தம் அல்ல, அது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று தெரியாமைதான்.

கேள்வி: வாடகையில் பாதி மட்டும் நிறுத்தினால்?

பதில்: பாதி வாடகையும் பாக்கிதான். மேலே எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: பூஞ்சணம் வந்ததிலிருந்து இரவில் மூச்சிரைப்பு வருகிறது. தேர்வுவரை தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வீட்டு நிலையையும் அவரிடம் சொல்லி, மருத்துவக் குறிப்பின் நகலை உங்கள் கோப்பில் வையுங்கள். அந்த அறையில் தூங்காதீர்கள்.

கேள்வி: இறுதித் தேர்வுக்கு எந்த வழிகாட்டி நூல் நல்லது?

பதில்: உங்கள் தொழிற்கழகம் வெளியிட்டுள்ள பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் பாருங்கள். நூல் பரிந்துரை என் துறை அல்ல.

கேள்வி: தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சுவர்ப் பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசப் போகிறார்கள். படிப்பை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: உடைக்கும் நாளில் வீட்டில் படிக்க முயலாதீர்கள், நூலகம் செல்லுங்கள். பூசிய பின் உலரும் நாள்களில் சத்தம் இருக்காது, ஈரம் மட்டுமே. ஆள்கள் பக்கத்து அறையில் பேசிக்கொண்டு வேலை செய்யும் நாள்தான் ஏமாற்றும்; புரியும் பேச்சு, சீரான இரைச்சலைவிட நினைவைக் கலைக்கும். அன்று புதிய பாடம் எடுக்காமல், விடை எழுதிப் பழகுங்கள். படித்ததையே திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். சிதறிய நாளில் 20 நிமிடத் துண்டுகளாகவும் இதைச் செய்யலாம்.

கேள்வி: இந்தத் தொல்லையால் தேர்வையே அடுத்த முறைக்கு ஒத்திவைக்கலாமா?

பதில்: விலகுவதற்கான கடைசித் தேதியை இன்றே பார்த்துக் குறித்து வையுங்கள், முடிவை அதற்கு ஒரு வாரம் முன் எடுங்கள். அதற்குள் மாற்று இடத்தில் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். அங்கே தேறினால் தடை வீடு மட்டுமே. அதற்கு ஒரு தற்காலிக அறை போதும். சிறப்புச் சலுகை கேட்பதானால், தேதியிட்ட கடிதங்கள் இல்லாமல் தேர்வுக் குழு எதையும் ஏற்காது.

கேள்வி: நண்பர் ஒருவர் வாடகையை நிறுத்தச் சொல்கிறார். உங்கள் கருத்து?

பதில்: நான்காம் முறையாக இதே கேள்வி. மேலே பதில் இருக்கிறது. வேறு ஏதாவது இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: இப்போது மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். மழையில் மின்விசிறி மாட்டிய இடத்திலிருந்து நீர் வடிந்து, பிளக் பாயிண்ட் வரை சுவர் நனைந்திருக்கிறது. மீதி ஒன்றரை மணி நேரத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், எழுந்துவிடுங்கள். மின்விசிறியின் ஸ்விட்சையும் அந்தச் சுவரையும் தொடாதீர்கள். மெயின் ஸ்விட்ச் உலர்ந்த இடத்தில் இருந்து, நனைந்த தரையை மிதிக்காமல் போக முடிந்தால் அதை அணையுங்கள். இல்லையேல் வெளியேறி மின்வாரியத்தை அழையுங்கள். பிறகு வாசலில் நின்றே உரிமையாளருக்கு "அவசரம்" என்று தலைப்பிட்டு நான்கு வரி அனுப்புங்கள். எலக்ட்ரீசியன் பார்த்துச் சொல்லும்வரை அந்த அறைக்கு மின்சாரம் வேண்டாம். வினாத்தாளில் எந்தக் கேள்வியில் நிறுத்தினீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டால், நாளை வேறோர் இடத்தில் அங்கிருந்தே தொடரலாம்.