அலுவலக வைஃபை: அக்சஸ் பாயின்ட் வாங்கும் முன் சில கேள்விகள்

அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) பெட்டியில் வேகம் 3000 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. என் லேப்டாப்பில் 700-ஐத் தாண்டவே இல்லை. பழுதா?

பழுது இல்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 574, 5 ஜிகாஹெர்ட்ஸில் 2402 என்று இரண்டு அலைவரிசைகளின் உச்சத்தையும் கூட்டிப் போட்ட எண் அது. அந்த 2402 கிடைக்க சேனலின் (கருவி பேசப் பயன்படுத்தும் அலைவரிசைத் துண்டு) அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 80-இல் வைத்தால் 1201தான். அதிலும் ஒரு நல்ல பங்கு கருவிகள் தங்களுக்குள் முறை வைத்துப் பேசுவதற்கே போய்விடும். 700 வருகிறதென்றால் கருவி ஒழுங்காகவே வேலை செய்கிறது. ஆனால் அந்த 700, அறையில் இருக்கும் எல்லோருக்கும் பொது.

இரண்டு மாடல்களைச் சோதனைக்குக் கேட்டு வாங்கியிருக்கிறோம். 40 பேர் உள்ள அலுவலகம். எப்படி ஒப்பிடுவது?

இப்படிக் கேட்டு வாங்கிச் சோதிப்பவர்கள் குறைவு, நல்ல வேலை செய்தீர்கள். முதலில், இணைய வேகம் பார்க்கும் தளங்களை நம்பாதீர்கள். அவை உங்கள் இணைய இணைப்பையும் சேர்த்தே அளக்கின்றன. கேபிளில் இணைத்த ஒரு கணினியில் ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்கும் லேப்டாப்புக்கும் இடையே அளந்து பாருங்கள்.

இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே இடத்தில், கடைசியில் மாட்டப்போகும் அதே சீலிங்கில், ஒரே சேனல், ஒரே அகலத்தில் வையுங்கள். மேஜை மேல் வைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. ஞாயிற்றுக்கிழமை காலி அலுவலகத்திலும் சோதிக்காதீர்கள். வேலை நாளில், மீட்டிங் ரூம் கதவைச் சாத்திவிட்டு, 15, 20 லேப்டாப்புகளில் ஒரே நேரத்தில் பெரிய ஃபைல்களை ஏற்றச் சொல்லுங்கள். அப்போது இன்னொரு லேப்டாப்பில் பிங் (பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடட்டும். சும்மா இருக்கும்போது 5 மில்லிசெகண்ட் காட்டியது, நெரிசலில் 200, 300 என்று எகிறினால் வீடியோ கால் திக்கித் திணறும். உச்ச வேகத்தைவிட இந்த எண்ணுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

கூட்டத்தில் ஒரு பழைய லேப்டாப்பையும் சேருங்கள், அதுவும் தூரத்து மூலையில். மெதுவான கருவி அதே ஃபைலை அனுப்ப அதிக நேரம் பிடிக்கும், அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இதை எந்த மாடல் நன்றாகச் சமாளிக்கிறது என்பது விலைப்பட்டியலில் தெரியாது. அப்புறம், வீடியோ காலில் பேசிக்கொண்டே ஒரு அக்சஸ் பாயின்ட்டிலிருந்து அடுத்ததற்கு நடந்து பாருங்கள்.

அக்சஸ் பாயின்ட்டின் பவரை முழுசாக ஏற்றியும் கடைசி அறையில் போன் தடுமாறுகிறது. சிக்னல் முழுசாகக் காட்டுகிறதே?

மைக்கில் பேசுபவர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். கடைசி வரிசையில் இருப்பவர் சொல்லும் பதில் மேடைக்குக் கேட்காது. அதுபோலத்தான், போனின் ரேடியோ சக்தி குறைவு; அது அனுப்புவது அக்சஸ் பாயின்ட்டுக்குச் சரியாகக் கேட்காது. பவரைக் குறைத்துவிட்டு அந்தப் பக்கம் இன்னொரு அக்சஸ் பாயின்ட் மாட்டுங்கள், கண்டிப்பாகக் கேபிள் இழுத்து. 2.4-இல் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களை மட்டும் பயன்படுத்துங்கள். மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

8 போர்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் தரும்) சுவிட்சில் நான்காவது அக்சஸ் பாயின்ட் மட்டும் எழவே இல்லை.

சுவிட்சின் மொத்த வாட் கணக்கைப் பாருங்கள். போர்ட் எட்டு இருந்தாலும் மொத்தம் 65 வாட்தான் என்றால், தலா 18 வாட் கேட்கும் நான்கைத் தாங்காது. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் உள்ள சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்தான் தரும், 802.3ஏடி 30 வரை தரும். குறைந்த மின்சாரத்தில் சில மாடல்கள் எழுந்துவிடும், ஆனால் ரேடியோவின் ஒரு பகுதியை அணைத்துவிடும். வேகம் ஏன் குறைந்தது என்று நாள்கணக்கில் தேட வைக்கும் கோளாறு இது.

வைஃபை 7 வாங்கலாமா?

உங்கள் லேப்டாப்புகள் வைஃபை 6 என்றால் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னொரு அக்சஸ் பாயின்ட்டும் கேபிளும் வாங்குங்கள்.

விலை குறைவாகத் தெரிந்த மாடலுக்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். சரியா?

ஐந்து ஆண்டுச் சந்தாவைக் கூட்டி விலையை ஒப்பிடுங்கள். சந்தா முடிந்தால் கருவி ஓடுமா, நிர்வாகத் திரை மட்டும் மூடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யூனிஃபை, ஒமாடா போன்ற பிராண்டுகளை நம் கணினியிலேயே கன்ட்ரோலர் (நிர்வாக மென்பொருள்) போட்டுச் சந்தா இல்லாமல் ஓட்டலாம்.

எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஒருவர் வேலையை விட்டுப் போனால்?

அன்றே மாற்றியாக வேண்டும், யாரும் மாற்றுவதில்லை. ஆளுக்கு ஒரு லாகின் தரும் எண்டர்பிரைஸ் முறைக்குப் போங்கள். போனவரின் கணக்கை மட்டும் மூடினால் போதும். விருந்தினருக்கும் சிசிடிவிக்கும் தனித்தனி விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சிலும் கேபிளிலும் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) போடுங்கள். டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை தெரியாத பழைய பிரிண்டர் இருந்தால், அதற்காக மொத்த அலுவலகத்தின் பாதுகாப்பையும் இறக்காமல், அதை மட்டும் கேபிளில் இணைத்துவிடுங்கள்.