கேளுங்கள் ஆச்சி: மேடையில் கவிதை சொல்ல

(காரைக்குடியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஆச்சி, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஆச்சி, நான் கல்லூரியில் படிக்கிறேன். அடுத்த மாதம் சென்னையில் 'ஸ்லாம்' கவிதைப் போட்டிக்குப் போகிறேன். மூன்று நிமிடம் தருவார்களாம். கவிதை மனப்பாடம். ஆனால் சொல்லிக் காட்டினால், "செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்கிறான் தம்பி. எங்கே தப்பு?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆத்தா, உன் தம்பிக்கு நல்ல காது. போட்டி முடியும் வரை அவனை விடாதே. தாளில் எழுதிய வரியை அப்படியே வாயால் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். படிக்கிறவருக்குப் புரியாவிட்டால் மேலே போய் இன்னொரு தடவை படிப்பார். கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் கவிதையை வேறொரு தாளில் புதிதாக எழுது. ஒரு மூச்சில் சொல்ல வருவது ஒரு வரி. மூச்சு எடுக்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு.

பள்ளியில் கம்பனின் 'உலகம் யாவையும்' பாட்டைப் பிள்ளைகள் சீர் பிரித்தபடியே 'அலகி லாவிளை யாட்டுடை யாரவர்' என்று ஒப்பிப்பார்கள். யாப்பு சரிதான், பொருள் சிதறிப்போகும். 'அலகிலா விளையாட்டு உடையார்' என்று சேர்த்துச் சொல்லி, ஒரு நொடி நின்று, 'அவர் தலைவர்' என்று அடுத்த அடிக்குள் போனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். இதற்கு நான் எந்த இலக்கணமும் சொல்லிக் கொடுத்ததில்லை. மூச்சை மட்டும் இடம் மாற்றி வைப்பேன்.

நிறுத்தம் என்றால் என்ன என்பதை நான் கற்றது கம்பன் விழாவில். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் நடத்துவது அது. பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பன் சமாதியில் போய் நிறைவு பெறும் விழா. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் அப்பச்சி என்னைக் கூட்டிப் போனார்கள். அனுமன் திரும்பி வந்து இராமனிடம் சொல்லும் இடம். 'சீதையை' என்று தொடங்கினால், அடுத்த சொல் வருவதற்குள் இராமன் என்ன பாடு படுவான்! அதனால் 'கண்டனென்' என்று வினையை முதலில் வைத்தான் கம்பன். பேசியவர் 'கண்டனென்' என்றார். நின்றார். என் பக்கத்தில் ஓர் ஆச்சி பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். விசிறி அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு 'கற்பினுக்கு அணியை' என்று அவர் தொடர்ந்த பிறகுதான் விசிறி மறுபடி அசைந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த கைதட்டல் எதுவும் அந்த விசிறிக்கு ஈடில்லை.

உன் கவிதையிலும் அப்படி ஒரு சொல் இருக்கும். தேடு. அதற்கு முன்னால் இல்லை, அதற்குப் பின்னால் நில். மனசுக்குள் மூன்று எண்ணு. உனக்கு அது ஒரு யுகமாகத் தெரியும், கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

ஸ்லாம் என்பதை அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி தொடங்கினார். 1986இலிருந்து அங்கே கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் நடந்தது. கூட்டத்திலிருந்தே ஐந்து பேரை நடுவராக உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவரும் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு நடுவிலுள்ள மூன்றைக் கூட்டுவார்கள். சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். வாத்தியமோ பொருளோ கையில் கூடாது. மூன்று நிமிடத்துக்கு மேல் பத்து விநாடி பொறுப்பார்கள், அப்புறம் மதிப்பெண் குறையும். சென்னையில் இதே விதிதானா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். எப்படியிருந்தாலும் கவிதையை இரண்டரை நிமிடத்துக்கு வெட்டிவிடு. மிச்ச அரை நிமிடம் நிறுத்தங்களுக்கு வேண்டும். வெட்ட மனசு வராது, தெரியும். உனக்கு ரொம்பப் பிடித்த உவமை இரண்டு இருந்தால் ஒன்றை எடு.

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் (முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் உள்ள பகுதி) ஐயாவின் சதாபிஷேகம். எழுதி வைத்த வாழ்த்துக் கவிதையை வாசிக்கப் போகிறேன். நூறு பேர் வருவார்கள். மைக் வைக்கலாமா ஆச்சி?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் என்பேன். என் சின்னம்மா வீட்டுச் சாந்தியில் (அறுபது, எண்பது வயது நிறைவு விழாவை இப்படிச் சொல்வோம்) ஒலிபெருக்கிக்காரர் இரண்டு பெட்டி கொண்டுவந்து வைத்தார். நான் வாசித்த பதினாறு வரியில் ஒன்றும் யாருக்கும் விளங்கவில்லை. நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. தரையில் ஆத்தங்குடிக் கல். பட்ட சத்தம் எல்லாம் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். முதல் நாள் வெறும் வீட்டில் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், தெரியும். ஜமுக்காளம் விரித்து ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் எதிரொலி பாதி அடங்கும்.

திறந்த முற்றத்தின் நடுவில் நிற்காதீர்கள், குரல் வானத்துக்குப் போய்விடும். சுற்றுத் தாழ்வாரத்தில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி நில்லுங்கள். பேசுவதைவிட மெதுவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'வந்தார்', 'வரவில்லை' எல்லாம் வரி முடிகிற இடத்தில்தான். அங்கேதான் நமக்கு மூச்சு தீர்ந்து குரல் இறங்கிவிடும். பின்வரிசைப் பெரியவர்களுக்கு 'ஐயா யாரையும் வெறுங்கையோடு' வரை கேட்கும், 'அனுப்பியதில்லை' கேட்காது. கடைசிச் சொல்லுக்கென்று மூச்சை மிச்சம் பிடியுங்கள்.

கை நடுங்கினால் தாள் படபடக்கும். கவிதையை ஒரு கெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கவிதை எழுதி மேடையில் சொன்னால் மதிப்பார்களா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: தாராளமாகச் சொல். ஆனால் பேச்சுத்தமிழில் எழுதிவிட்டுப் பட்டிமன்றக் குரலில் முழங்காதே. வீட்டில் ஆத்தாளிடம் பேசுகிற குரல் எதுவோ அதிலேயே, கொஞ்சம் உரக்க.

எங்கள் அப்பத்தா தாலாட்டுப் பாடுவதைப் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன். தொட்டில் போகும்போது ஓர் அடி. அது திரும்பி வரும்போது, கொக்கியில் கயிறு 'கிறீச்' என்கிற அந்த இடத்தில், மூச்சு. ஒரு தடவைகூட அவர்களுக்கு மூச்சு முட்டியதில்லை. அடியின் நீளத்தைத் தொட்டில் அளந்து கொடுத்துவிடும். ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே உன் கவிதையைச் சொல்லிப் பார். ஆட்டத்தைத் தாண்டி ஓடுகிற வரியை இரண்டாக உடை.

உங்கள் வீட்டுத் தாலாட்டு யாருக்காவது முழுதாக ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்பச் சொல். அப்பத்தா பாடியதில் மாமன் சீர் கொண்டுவரும் இடத்துக்கு அடுத்த அடி எனக்கு மறந்துபோயிற்று.