நடை மட்டும் போதுமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

எனக்கு 68 வயது. அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மாத்திரையால் கட்டுக்குள் உள்ளன. சென்ற மாதம் உறவினர் வீட்டு விசேஷத்தில் தரையில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு எழ முடியாமல், இருவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. அன்றாடம் நடப்பவனுக்கு இப்படி ஆகலாமா? இனி எதையும் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நண்பர் ஒருவரோ எடை தூக்கிப் பழகச் சொல்கிறார். இந்த வயதில் அது கேலிக்கூத்தாகாதா?

(பெயர் வெளியிடப்படவில்லை)

அன்புள்ள நண்பருக்கு,

நடையை விட்டுவிடாதீர்கள், அது உங்கள் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது முன்தொடைத் தசைக்கும் புட்டத்துத் தசைக்கும் பெரிய சுமை ஏதும் ஏறுவதில்லை. தரையிலிருந்து உடலின் முழு எடையையும் மேலே தூக்க வேண்டியவை அந்தத் தசைகள்தாம். இத்தனை ஆண்டுகள் உடற்பயிற்சி செய்தும் அவற்றுக்கு நீங்கள் வேலை கொடுக்கவில்லை என்பதே விஷயம்.

முப்பது வயதைக் கடந்ததும் தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட வலு இன்னும் விரைவாகக் குறையும். போன தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுவதால் எடை பார்க்கும் இயந்திரத்தில் எண் மாறாது, நாமும் நலமாகவே இருப்பதாக நினைத்துக்கொள்வோம். படுக்கையில் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், அவர்களது கால்களில் இருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டிருந்தது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவர் எழுந்தபின் பழைய ஆளாக இல்லை என்று வீட்டார் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழந்த வலு திரும்புமா என்பதற்கு 1990இல் விடை கிடைத்தது. பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த, சராசரியாகத் தொண்ணூறு வயதான, நலிந்த பத்துப் பேரைக் கொண்டு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி நடத்தினார்கள். ஒருவர் இடையில் விலகினார். மற்றவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது, இருவர் கைத்தடி இல்லாமலே நடந்தார்கள். தொண்ணூறில் முடிந்தது அறுபத்தெட்டில் கேலிக்கூத்தாகுமென்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகளின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொல்வதை அப்படியே கேட்டால் அவர் எதற்கு அஞ்சுகிறாரோ அதுதான் நடக்கும். நம் வீடுகளில் கிணறு போய்க் குழாய் வந்தது, அரிவாள்மனை போய் மேடை வந்தது, பாய் போய்க் கட்டில் வந்தது. ஒரு நாளைக்குப் பலமுறை குந்தி எழுந்த உடலுக்கு இப்போது அந்தத் தேவையே இல்லை. பழையதற்குத் திரும்பச் சொல்லவில்லை. போனவற்றுக்கு ஈடாக ஏதாவது செய்தாக வேண்டும் என்கிறேன். போதாக்குறைக்கு, "நீங்க சும்மா உட்காருங்கப்பா" என்பதைப் பெரிய மரியாதையாக வேறு நினைக்கிறோம்.

கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். நடுவில் அமர்ந்து, பாதங்களை முட்டிக்குச் சற்று உட்புறமாக இழுத்து ஊன்றி, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, முழுதாக எழுந்து நின்று மறுபடி அமருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க, 30 நொடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரையுள்ள ஆணுக்கு 12க்குக் கீழே, பெண்ணுக்கு 11க்குக் கீழே வந்தால் வலு குறைவு என்று கொள்கிறார்கள். சோதனை எதுவோ அதுவே பயிற்சியும். அமரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள். அப்படி இறங்கும்போதும் தசைக்கு நல்ல வேலை கிடைக்கிறது. இலகுவாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாள் ஒற்றைக்கால் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியும் முதியோருக்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். மாடிப்படியையும் விட்டுவிட வேண்டாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாராளமாக ஏறுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவில் தயிர் சாதம் என்று போகும் ஓய்வுக்கால உணவில் தசைக்கு வேண்டிய புரதம் மிகக் குறைவு. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது முதியவருக்கு வேண்டும் என்பது பல வல்லுநர்களின் கருத்து. அறுபது கிலோ இருப்பவருக்கு அறுபது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் எட்டு கிராமுக்குக் குறையாது. சாம்பாரை நம்ப வேண்டாம், அதில் பருப்பைவிடத் தண்ணீரே அதிகம். பல் சரியில்லாதவர்கள் சுண்டலை மசித்துச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகப் பரிசோதனையை முதலில் பார்த்துவிடுங்கள்.

நான் மருத்துவன் அல்லன் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சட்டென்று எழும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஆகவே படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அழுத்தத்தை அளந்து பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோர் மருத்துவப் பிரிவு வந்துவிட்டது. கிண்டியில் 2024இல் இதற்கென்றே தேசிய முதியோர் நல மையமும் திறக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முட்டி வலி இருந்தால் உள்ளூர் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, எவ்வளவு தாழ்வாக அமரலாம் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தூக்கலாமா கூடாதா என்பதை அந்த மருத்துவரே சொல்ல மகள் கேட்டால் வீட்டில் வாக்குவாதம் மிச்சம்.

அன்புடன்